பெயர் பின்னால் சொல்லப்படும்

அந்த ஜெனரல் மேனேஜரை நாலு பேர் முன்னிலையில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று டிசம்பர் பதினொன்றாம் தேதி காலை, பல் தேய்க்கும்போது சபதம் செய்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் தெளிவாக வரவில்லை. டோலரஸ் சமையலறையிலிருந்து, "என்ன லென், பல் வலியா?" என்று கேட்டாள்.

பல் வலி இல்லை. வயிற்றெரிச்சல். எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்கு ஹெரான்ஸ் என்று பெயர். ஹெரான் என்றால் கொக்கு. பெயர் வைத்தவன் தீர்க்கதரிசி. கோப்பைக்காக முப்பத்தெட்டு வருஷமாக ஒற்றைக் காலில் நிற்கிற அணி அது. அந்த அணியில் உருப்படியாக இருந்த ஒரே மனிதன் நேட் பெர்சிவல். பதினொரு வருஷம் எங்களுக்காகக் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்தவன். இரண்டு தடவை மூக்கு உடைந்தவன். கை விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும். அவனைத்தான் ஜெனரல் மேனேஜர் தூக்கி இன்னொரு ஊருக்குக் கொடுத்துவிட்டார்.

கொடுத்ததுகூடப் பரவாயில்லை. அணிகள் ஆட்களைப் பண்டமாற்று செய்வது எப்போதும் உள்ளதுதான். வாங்கினது இரண்டு பயல்கள், இன்னும் சவரம் செய்யப் பழகாதவர்கள். அதையும் பொறுத்துக்கொள்வேன். ஆனால் பெர்சிவலோடு சேர்த்து 'பெயர் பின்னால் சொல்லப்படும் ஆள் ஒருவர்' என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதாவது எதிராளி ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து, "எனக்கு இன்னார் வேண்டும்" என்று கை காட்டலாம். இவர்கள் மூட்டை கட்டி அனுப்பிவிட வேண்டும்.

எவனாவது பெயர் போடாத காகிதத்தில் கையெழுத்துப் போடுவானா?

இந்தக் கேள்வியைத்தான் டிசம்பர் முழுக்க எங்கள் வீட்டு நிலவறையில் கேட்டுக்கொண்டிருந்தோம். பனிக்காலத்தில் ஆட்டம் கிடையாது. அப்போதுதான் ரசிகனுக்கு வேலை அதிகம். சனிக்கிழமை மதியம் ஆனால் கஸ் வந்துவிடுவான். கஸ் முடிதிருத்துகிறவன். எனக்கு முப்பது வருஷ சிநேகிதன், மைதானத்தில் நான் வாங்கி வைத்திருக்கிற இரண்டு சீட்டில் என் பக்கத்தில் உட்காருகிறவன். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு நாற்காலி போட்டு, அணியில் உள்ள இருபத்தைந்து ஆட்டக்காரர்களையும் நாங்கள் விற்போம், வாங்குவோம், துரத்துவோம். இவனுக்கு முழங்கால் போச்சு, அவனுக்கு வயசாச்சு, இன்னொருத்தனைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை. இப்படி மாலை ஆறு மணி வரை நடக்கும். நான் மாவட்டக் குடிநீர் ஆபீசில் குமாஸ்தா. அங்கே யாரையும் துரத்த எனக்கு அதிகாரம் இல்லை.

ஜனவரி இருபத்துநாலாம் தேதி, சனிக்கிழமை, ரசிகர் கூட்டம் என்று அறிவித்தார்கள். ஓட்டல் மண்டபத்தில் ஜெனரல் மேனேஜரே மேடை ஏறிக் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். நான் துள்ளிக் குதித்து மாடிப்படி ஏறினேன். சமையலறையில் டோலரஸ் ஒழுகுகிற குழாய்க்கு அடியில் கிண்ணத்தை மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

"லென், ஜனவரி இருபத்துநாலு ஞாபகம் இருக்கில்ல?" என்றாள்.

"மறப்பேனா? அன்னைக்குத்தான் ரசிகர் கூட்டம்."

"அன்னைக்குத்தான் மார்ஜுக்கும் ஹவர்ட்டுக்கும் கல்யாணமாகி முப்பது வருஷம். ஃபோர்ட் வெய்ன் போறோம். நவம்பர்ல நீ தலையாட்டின."

மார்ஜ் அவள் அக்கா. ஹவர்ட் அக்கா புருஷன். இந்தியானா மாநிலத்தில் ஃபோர்ட் வெய்ன் அவர்கள் ஊர்.

"நவம்பர்ல பெர்சிவல் நம்ம அணியில இருந்தான்," என்றேன்.

"அதுக்கும் எங்க அக்கா கல்யாண நாளுக்கும் என்ன சம்பந்தம்?"

"எல்லாத்துக்கும் சம்பந்தம் இருக்கு டோலரஸ். உனக்குப் பேஸ்பால் புரியாது."

கிண்ணத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் சும்மா இருக்கும்போதுதான் எனக்குப் பயம் வரும். எனவே ஒரு ஜெனரல் மேனேஜர் செய்ய வேண்டியதைச் செய்தேன்.

"நாம ஒரு பண்டமாற்று பண்ணிக்கலாம்."

"பண்ணலாமே," என்று கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்தச் சனிக்கிழமையை எனக்குக் கொடு. நீ மட்டும் போயிட்டு வா. பதிலுக்கு நான் பாத்திரம் கழுவறேன்."

"எத்தனை நாள்?"

"ஒரு வாரம்."

"ஈஸ்டர் வரைக்கும்."

"ஈஸ்டரா? அது ஏப்ரல்ல வருது."

"அப்ப வா, ஃபோர்ட் வெய்ன் போவோம். ஹவர்ட் தன் மீன் தொட்டியைக் காட்டறேன்னு சொன்னாரு."

ஹவர்டின் மீன் தொட்டியை நான் ஏற்கெனவே மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மீன்கள் ஹவர்டை விட நன்றாகப் பேசும். ஈஸ்டர் வரை என்று ஒத்துக்கொண்டேன்.

"அப்புறம், நீங்க கீழ பேசிக்கிறீங்களே, பெயர் பின்னால சொல்றதுன்னு," என்று டோலரஸ் இழுத்தாள். "அது என்னதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லேன்."

"கீழ பேசறது உனக்கு எப்படிக் கேக்குது?"

"ஹீட்டர் குழாய் வழியா எல்லாம் மேல வரும் லென். பதினெட்டு வருஷமா வருது."

நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு. கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் பேஸ்பால் கேள்வி அதுதான். விளக்கினேன். சும்மா விளக்கவில்லை, படம் போட்டு விளக்கினேன். ஆறு மாதக் கெடு, சொன்ன பெயரை மறுக்க முடியாது, கமிஷனர் என்று ஒரு நாட்டாமை இருப்பார், அவர் தீர்ப்புதான் கடைசி. அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"அப்ப எனக்கும் அப்படி ஒண்ணு வேணும்," என்றாள். "பாத்திரம், கூட பெயர் பின்னால சொல்ற ஒண்ணு."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவள் என்ன கேட்டுவிடப் போகிறாள்? கூரைத் தகரத்தில் இலை அள்ளச் சொல்வாள். திரைச்சீலை மாட்டச் சொல்வாள். ஒரு சனிக்கிழமைக்கு அது கொள்ளை லாபம். காகிதம் எடுத்து, லீக்கில் எழுதுகிற மாதிரியே எழுதினேன். 'லெனார்ட் பாவ்லிக் தருவது: ஈஸ்டர் வரை பாத்திரம், மற்றும் பெயர் பின்னால் சொல்லப்படும் ஆள் ஒருவர்.'

"ஆள்னு எழுதியிருக்கியே. பொருள்னு எழுத வேண்டாமா?" என்று கேட்டாள்.

"லீக்ல ஆள்னுதான் எழுதுவாங்க. எழுதினா முறையா எழுதணும்."

"சரி. முறையாவே இருக்கட்டும்."

சனிக்கிழமை வந்த கஸ்ஸைக் கமிஷனராக நியமித்துச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கினேன். அவன் போகிறபோது, "லென், நம்ம மேனேஜரை விட நீ கெட்டிக்காரன்டா," என்று முதுகில் தட்டினான். காகிதத்தை டோலரஸ் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். நான் போகிற வழியில் வருகிற வழியில் நின்று நின்று அதை ரசித்தேன்.

ரசிகர் கூட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நினைத்தாலே உடம்பு எரிகிறது. மூன்று வாரம் கண்ணாடி முன் நின்று பழகிய கேள்வி. இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றேன். மைக் கைக்கு வந்ததும், "என் பெயர் லெனார்ட் பாவ்லிக்," என்று ஆரம்பித்தேன். "ஒன்பது வயசுல எங்க அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு சீசன் முதல் ஆட்டத்துக்குப் போனேன். நாப்பத்தாறு வருஷம். ஒரு முதல் ஆட்டத்தைக்கூட விட்டதில்ல. எங்க அப்பா உட்கார்ந்த அதே சீட்டு. பன்னிரண்டாம் பகுதி, ஆறாவது வரிசை, மூணாம் நம்பர்." அதற்குள் என் ஒரு நிமிஷம் முடிந்துவிட்டதாம். மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஜெனரல் மேனேஜர் சலவைச் சட்டையும் சிரிப்புமாக, "உங்களைப் போன்றவர்கள்தான் எங்கள் முதுகெலும்பு," என்றார். நானூறு பேர் கைதட்டினார்கள். ஒரு தொப்பியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போன வருஷத்துத் தொப்பி.

மறுநாள் டோலரஸ் ஃபோர்ட் வெய்னிலிருந்து திரும்பினாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

தொப்பியைக் காட்டினேன்.

"நல்லாப் பொருந்துது," என்று சொல்லிவிட்டு எச்சில் தட்டுகளை என் பக்கம் நகர்த்தினாள்.

பிப்ரவரி போயிற்று. கைத்தோல் உரிந்தது. சீசன் அட்டவணை வந்தது. ஏப்ரல் ஏழு, செவ்வாய்க்கிழமை, முதல் ஆட்டம், எங்கள் மைதானத்தில். எதிரணி யார் என்று பார்த்தேன். பெர்சிவலை வாங்கின அணி. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் வேறு சட்டை போட்டுக்கொண்டு எங்கள் மைதானத்துக்குள் நடந்து வருவான். அப்போது எங்கள் அப்பாவின் சீட்டில் நான் எழுந்து நிற்க வேண்டும். தொப்பியைக் கழற்ற வேண்டும். பதினொரு வருஷத்துக்கு ஒரு மனிதனுக்கு அவ்வளவாவது செய்ய வேண்டாமா? வழக்கம் போல ஏப்ரல் முதல் இரண்டு வாரத்துக்கு ஆபீசில் லீவு போட்டேன்.

மார்ச் கடைசியில் எதிரணிக்காரன் பெயரைச் சொன்னான். ருடி வாஸ்கெஸ். இடது கையால் பந்து வீசுகிற பயல். இருபது வயசு. எங்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை. வானொலியில் சொன்னபோது நான் ஒரு தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தட்டு இரண்டாகிவிட்டது.

"முட்டாள்," என்று கத்தினேன். "எதைக் கொடுக்கப்போறோம்னே தெரியாம கையெழுத்துப் போட்டா இப்படித்தான் ஆகும். மூளை இருக்கறவன் செய்வானா?"

டோலரஸ் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"செய்ய மாட்டான் லென்," என்றாள். "ரொம்ப முட்டாள்தான் அவரு."

துக்கம் தாங்காமல் நிலவறைக்குப் போய், கஸ்ஸோடு பேசலாம் என்று அங்கிருந்த ஃபோனை எடுத்தேன். மேலே சமையலறையில் இருப்பதும் அதே லைன்தான். டோலரஸ் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் மார்ஜ். வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் பெயர் காதில் விழுந்தது.

"லென்னை அனுப்பறேன். பத்து நாள். மூணாம் தேதியிலேருந்து," என்றாள் டோலரஸ். "உங்க வராந்தாவுக்குப் பெயின்ட் அடிக்கணும்னு சொன்னியே. ஹவர்டை இங்க அனுப்பு. சமையலறைக் குழாய் ஒழுகுது, பின்கதவு மூட மாட்டேங்குது."

"ஒண்ணுக்கு ஒண்ணா?" என்றாள் மார்ஜ். "என்னடி டோலி, என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது? ஹவர்ட் குழாய் வேலை பார்ப்பாரு, காரைப் பிரிச்சுப் பூட்டுவாரு, வாயே திறக்க மாட்டாரு. உன் ஆளுக்கு என்ன தெரியும்?"

"பாத்திரம் கழுவறான். ஜனவரியிலேருந்து."

"எப்படிக் கழுவறான்?"

டோலரஸ் கொஞ்சம் யோசித்தாள். "கழுவறான்," என்றாள்.

"வயசென்ன இப்ப?"

"அம்பத்தஞ்சு."

"முழங்கால்?"

"இடது முழங்கால் பரவாயில்ல."

நான் ஃபோனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். எத்தனை பனிக்காலம் இதே அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை பேருடைய முழங்காலைப் பேசியிருக்கிறேன். அவர்கள் காதில் விழும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"பாசமா இருப்பானா? ரெண்டு வார்த்தை நல்லாப் பேசுவானா?" என்று மார்ஜ் கேட்டாள். "என் கல்யாண நாளுக்கே வராத மனுஷன்."

நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"ஒரு காலத்துல பேசினான்," என்றாள் டோலரஸ்.

"அப்ப ஒண்ணுக்கு ஒண்ணு கட்டாது. கூட என்ன தர்ற?"

"என்ன வேணும்?"

"அம்மாவோட பைரோகிக் கட்டை."

பைரோகி என்பது கொழுக்கட்டை மாதிரி ஒரு பண்டம், அதற்கு மாவு தேய்க்கிற கட்டை அது. மரத்தில் செய்தது. அவர்கள் அம்மா செத்த நாளிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேரும் அதற்காகப் பேசாமல் இருந்த வருஷங்கள் உண்டு. டோலரஸ் அதைத் துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்திருப்பாள். என்னைத் தொட விடமாட்டாள். அதைக் கொடுக்கமாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அந்த ஒரு தைரியத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"எடுத்துக்கோ," என்றாள் டோலரஸ். "ஆனா அதுக்கு நீயும் பெயர் பின்னால சொல்ற ஒண்ணு தரணும்."

"அது என்னடி?"

"லென் வரும்போது கேளு. படம் போட்டுக் காட்டுவான்."

மேலே போனேன். அவள் குளிர்பெட்டியிலிருந்து காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்திருந்தாள்.

"பெயர் சொல்றேன்," என்றாள்.

"டோலரஸ், ஏழாம் தேதி முதல் ஆட்டம். பெர்சிவல் வர்றான். அது உனக்குத் தெரியும்."

"தெரியும். பெயர், நீ."

"நாப்பத்தாறு வருஷம், டோலரஸ்."

"முப்பத்திரண்டு பனிக்காலம், லென்," என்றாள் அவள்.

கமிஷனருக்கு ஃபோன் போட்டேன். கஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டு, யாருக்கோ தாடையில் சோப்பு தடவியபடியே தீர்ப்புச் சொன்னான். "நீ எழுதின காகிதம். ஆள்னு நீதான் எழுதின. அந்த வீட்ல வேற ஆள் இல்ல. செல்லும்."

"நீ என் சிநேகிதன்டா."

"இப்ப கமிஷனர்."

போகமாட்டேன் என்று ஒரு கணம் முரண்டு பிடித்துப் பார்த்தேன். டோலரஸ் குரலை உயர்த்தவில்லை. "போகாதே. ஆனா அந்த மேனேஜர் உன்னை விட மேல். கேட்ட ஆளை அனுப்பிட்டாரு," என்றாள். பெட்டியை எடுத்தேன். என் டிக்கெட் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, "வீணாப் போகாது," என்றாள். ஹவர்டுக்குக் கொடுப்பாள் போல என்று நினைத்துக்கொண்டேன். பந்து உருண்டையா சதுரமா என்று தெரியாத ஹவர்ட், எங்கள் அப்பா சீட்டில். பஸ்ஸில் அதை நினைத்து நினைத்து மனம் வெந்தது.

ஆனால் லெனார்ட் பாவ்லிக் அவ்வளவு சுலபத்தில் விடுகிறவனா? பஸ் இந்தியானா எல்லையைத் தாண்டுவதற்குள் திட்டம் தயார். வேண்டாத ஆளை எந்த அணியும் வைத்துக்கொள்ளாது. நான் வேண்டாத ஆளாகிவிட வேண்டும், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைக்குள் மார்ஜே என்னைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் பெர்சிவல் விவகாரத்தை ஆரம்பித்தேன். சனிக்கிழமை காலை உணவில் தொடர்ந்தேன். மார்ஜ் தேவாலயத்துக்குப் போனபோது கூடவே நடந்து போய் வாஸ்கெஸின் இடது கையைப் பற்றிப் பேசினேன். வராந்தாத் தூண்களுக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருந்தாள். இரண்டு தூணுக்கு ஹெரான்ஸ் பச்சை அடித்தேன். அவள் வாசலில் வந்து நின்று அந்தத் தூண்களை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"டோலி எப்படி முப்பத்திரண்டு வருஷம்..." என்று ஆரம்பித்து முடிக்காமல் உள்ளே போய் ஃபோனை எடுத்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் என் பெட்டி வாசலில் இருந்தது. செவ்வாய்க்கிழமை அதிகாலை பஸ்ஸில், போன வருஷத்துத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தேன். இரண்டு பெண்கள் கூட்டுச் சேர்ந்தும் என்னை அசைக்க முடியவில்லை. ஆட்டம் ஒன்றரை மணிக்கு. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக் கதவைத் தள்ளினேன்.

ஹவர்ட் தரையில் மண்டியிட்டுப் பின்கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"டோலரஸ் எங்கே?"

"மைதானம்."

"யார்கூட?"

"கஸ்."

மூன்றாவது கேள்விக்கு அவரிடம் பதில் ஸ்டாக் இல்லை. மேசைமேல் ஒரு சீட்டு இருந்தது. 'லென், முதல் ஆட்டத்துக்கு டிக்கெட் எல்லாம் வித்துப் போச்சாம். கழுவ வேண்டியது தொட்டியில் இருக்கு. குழாய் இப்போ ஒழுகலை.' தேதி போட்டிருந்தது. நேற்றைய தேதி. நான் ஃபோர்ட் வெய்னில் பெட்டியில் சட்டையை மடித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே அவள் இதை எழுதிவிட்டாள்.

வானொலியைத் தட்டினேன். கழுவினேன். பெர்சிவல் முதல் தடவை மட்டையோடு வந்தபோது மைதானம் முழுக்க எழுந்து நிற்கிறது என்று அறிவிப்பாளர் சொன்னார். நானும் பாத்திரத் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டுதான் இருந்தேன். ஈரக் கையால் தொப்பியைக் கழற்றினேன். ஹவர்ட் என்னை ஒரு தடவை பார்த்தார். அவரிடம் பெர்சிவலின் மூக்கு உடைந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவர் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார் கொட்டகைக்குப் போய்விட்டார்.

நாலாவது சுற்றில் பெர்சிவல் அடித்த பந்து ஒன்று எல்லைக்கு வெளியே, பார்வையாளர்கள் பக்கம் போயிற்று. "பன்னிரண்டாம் பகுதி," என்றார் அறிவிப்பாளர். "பச்சை ஸ்கார்ஃப் கட்டின ஒரு அம்மா. கையுறைகூட இல்லை. வெறும் கையால் பிடித்துவிட்டார்." ஒன்பது வயசிலிருந்து கையுறை மாட்டிக்கொண்டு அந்த சீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பந்துகூட என் பக்கம் வந்ததில்லை.

ஆட்டம் முடிந்து டோலரஸும் கஸ்ஸும் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்கள். ஹெரான்ஸ் தோற்றிருந்தது, அதனால் அவர்கள் சிரிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய வலது உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது. பந்தை மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு அட்டையை வைத்தாள். ஆட்டத்தின் கணக்கு அட்டை. ஒவ்வொரு வீச்சும், ஒவ்வொரு அடியும், ஒவ்வொரு ஓட்டமும் பென்சிலால் பொடிப்பொடியாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எனக்கு அந்தக் கணக்கு இன்று வரை சரியாகப் போட வராது.

"இதை யார் போட்டது?"

"நான்தான். சர்ச் அணிக்கு ஆறு வருஷம் போட்டிருக்கேன், கல்யாணத்துக்கு முன்னாடி."

"நீ சொன்னதே இல்லையே."

"நீ கேட்டதே இல்லையே. ரெண்டு சீட்டு வச்சிருக்க. முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை, வர்றியான்னு கேட்டதில்ல."

"உனக்குப் பேஸ்பால் பிடிக்காதுன்னு நினைச்சேன்."

"பிடிக்கும் லென். உன் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கத்தான் முடியாது."

கஸ் தன் ஷூவைப் பார்த்தான். பேச்சை மாற்றுவதற்காக, வெற்றி பெற்றவன் குரலில், "மார்ஜால என்னை நாலு நாள் வச்சுக்க முடியல பாத்தியா?" என்றேன்.

"முடியாதுன்னு தெரியும். அவ எனக்குப் பெயர் ஒண்ணு பாக்கி வச்சிருந்தா. நேத்து நான் சொல்லிட்டேன்."

"யார் பெயர்?"

"உன் பெயர்தான்."

கஸ் கமிஷனர் முறையில் விரல் விட்டு எண்ணினான். "நீங்க கொடுத்தது ஒரு லென், ஒரு பைரோகிக் கட்டை. வாங்கினது ஒரு லென். ஹவர்ட் பத்து நாள்ல போயிடுவாரு. டோலரஸ், கட்டை உங்களுக்கு நஷ்டம்தானே?"

"இல்ல கஸ்," என்றாள். "நாலு நாள் கிடைச்சுதே."

அவள் அதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. பந்தை எடுத்து உருட்டிப் பார்த்தேன். பெர்சிவலின் மட்டை பட்ட இடத்தில் கறுப்பாக ஒரு தழும்பு இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டம் இருக்கு," என்றேன். எனக்கே கேட்காத குரல். "கஸ் ஒரு தடவை விட்டுக்கொடுப்பான். நான் உன் பக்கத்துல வரட்டுமா? பேச மாட்டேன்."

"ஒரு தடவைதான்," என்றான் கஸ்.

டோலரஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முழங்கால் வரைக்கும் பார்த்தாள்.

"என்ன தருவ?"

"என்ன வேணும்னாலும் கேளு."

ஃபோன் பக்கத்தில் இருந்த காகிதத்தைக் கிழித்து, காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"பெயர் பின்னால சொல்றேன்," என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். அந்த ஜெனரல் மேனேஜரை இப்போதெல்லாம் நான் திட்டுவதில்லை.